வருவேன் என்பதற்கு எத்தனை வழி

கரியாலூர்,
12-7-87

அன்புள்ள மாமாவுக்கு,

எழில் எழுதிக்கொண்டது. மலைமேல் நான் சுகம். மலையடியில் நீங்களும் அத்தையும் பெரிய மாமாவும் சுகமா? வயிற்றில் இருப்பதும் சுகம்தான். ஆறாம் மாதம் நடக்கிறது என்று அத்தையிடம் சொல்லுங்கள். நேற்று எட்டாம் வகுப்பில் போர்டில் எழுதிக்கொண்டிருந்தபோது ஓர் உதை விட்டது பாருங்கள், சாக்பீஸ் கையிலிருந்து விழுந்துவிட்டது. பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

விடுதியில் மழைக்கு ஓடு ஒழுகுகிறது. என் அறையில் மட்டும் கட்டில் இருக்கும் மூலை நனையாமல் இருக்கிறது. அந்த மட்டும் லாபம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பி.ஏ. இங்கிலீஷ் அரியரை இந்த நவம்பரில் முடித்தே ஆக வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து இதையே சொல்லி என் வாயும் வலிக்கிறது. டிகிரி கையில் வந்தால்தான் எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸில் பட்டதாரி என்று பதிய முடியும். டீச்சரைக் கட்டிக்கொண்டும் இங்கிலீஷில் கோட்டை விட்டான் என்று ஊர் பேசக் கூடாது. போன பரீட்சையில் எதிர்காலம் பற்றிய கேள்வியைத் தொடாமலே எழுந்து வந்ததாகச் சொன்னீர்கள் அல்லவா? அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நாம் 'வருவேன்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். இங்கிலீஷ்காரன் அப்படி விடமாட்டான். எந்த மனசோடு சொல்கிறாய் என்று கேட்பான். யாரோ கூப்பிட, அந்த நொடியே 'சரி, வரேன்' என்று சொன்னால் 'ஐ வில் கம்'. முன்பே முடிவெடுத்து வைத்திருந்தால் 'ஐ ஆம் கோயிங் டு கம்'. லீவு எழுதிக் கொடுத்து, பையும் கட்டி, வண்டிக்கும் சொல்லியாகிவிட்டது என்றால் 'ஐ ஆம் கமிங்'. வானம் கறுத்துக்கொண்டு வருவதைப் பார்த்து மழை வரும் என்பதற்கும் 'கோயிங் டு' தான். அடையாளம் கண்ணெதிரே இருக்கிறதே, அதனால். ஒவ்வொன்றுக்கும் வாக்கியம் எழுதி அனுப்புங்கள். தப்பு இருந்தால் சிவப்பு மையில் திருத்துவேன், புருஷன் என்று பார்க்க மாட்டேன்.

உங்கள் பிள்ளையிடம் தினமும் உதை வாங்கும்,
எழில்மதி


கச்சிராயபாளையம்,
20-7-87

அன்பு எழிலுக்கு,

தீனதயாளன் எழுதுவது. வீட்டில் எல்லோரும் நலம், மாடு கன்று உட்பட. உன் நலமும் பிள்ளை நலமும் அறிந்து சந்தோஷம். அம்மாவுக்குக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். உதைத்த இடம் வந்ததும், "அது பையன்தான்டா. பொண்ணு இவ்ளோ ஜாஸ்தி உதைக்காது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. எனக்கு என்னவோ பெண்தான் என்று படுகிறது. இந்த வீட்டில் என் பக்கம் பேச ஓர் ஆள் வேண்டாமா?

நீ கேட்ட வாக்கியங்கள்: ஐ வில் பாஸ். ஐ ஆம் கோயிங் டு பாஸ். ஐ ஆம் பாஸிங். எதை எழுதினாலும் மார்க் போடுகிறவன் மனசு வைத்தால்தான்.

எனக்கு ஒரு சந்தேகம் டீச்சர். நேற்று நடந்ததற்கு 'கேம்', 'வெண்ட்' என்று அவனிடம் சொந்தமாக உருவம் இருக்கிறது. நாளை நடப்பதற்கு மட்டும் ஒன்றும் இல்லை. 'வில்' என்று ஒன்றைக் கொண்டுவந்து முட்டுக் கொடுக்கிறான், 'போகிறேன்' என்பதைக் கடன் வாங்கி ஒப்பேற்றுகிறான். உலகத்தையே ஆண்ட வெள்ளைக்காரனுக்கு நாளைக்கென்று ஒரு வினை கிடைக்கவில்லையா? நமக்கு எவ்வளவோ மேல்.

அணையில் தண்ணீர் விட்டார்கள். கரும்பு நன்றாக இருக்கிறது. சங்கக் கூட்டம் வாரா வாரம் நடக்கிறது. நானும் போகிறேன். கவலைப்படாதே, உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவதுதான். உனக்கு லீவு எப்போது என்று எழுது. அம்மா வளைகாப்புக்கு நாள் பார்க்க வேண்டும் என்று நிற்கிறது.

உன் மக்கு மாணவன்,
தீனதயாளன்


கரியாலூர்,
9-8-87

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கு சுகம். அங்கு சுகமா? 'ஐ ஆம் பாஸிங்' தப்பு. பாஸ் ஆவதை யாரும் முன்கூட்டி ஏற்பாடு செய்ய முடியாது. மூன்று மார்க் போயிற்று. உங்கள் சந்தேகம் மட்டும் நல்ல சந்தேகம். ஆனால் அதைப் பரீட்சையில் எழுதிவைக்காதீர்கள்.

லீவு பற்றிக் கேட்டீர்கள். பிரசவத்துக்குக் கொடுப்பதே மூன்று மாதம்தான். இங்கே டீச்சர்கள் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்யப்போகிறேன். நாளைக் கொஞ்சம் தள்ளிச் சொல்லிவிட்டு, கடைசி வரை வேலைக்கு வந்துவிட்டால், மூன்று மாதமும் பிள்ளை பிறந்த பிறகு நம் கையில் இருக்கும். ஹெட்மாஸ்டரிடம் நவம்பர் கடைசி என்று சொல்லியிருக்கிறேன். அக்டோபர் நடுவில் என்பது நமக்குள் இருக்கட்டும். செப்டம்பர் 25 அன்று காலாண்டுத் தேர்வு முடிகிறது. 26 சனிக்கிழமை இறங்கி வருகிறேன். ஐ ஆம் கமிங். பார்த்தீர்களா, ஏற்பாடு ஆகிவிட்டது. அத்தையை அதற்கு அடுத்த வாரம் வளைகாப்பு வைக்கச் சொல்லுங்கள். பிறகு அப்பா வந்து மணலூர்பேட்டைக்குக் கூட்டிப்போகட்டும். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று அம்மா இப்போதே பழந்துணி கிழித்து வைத்திருக்கிறதாம்.

சாயந்திரமானால் கால் கொஞ்சம் வீங்குகிறது. நின்றுகொண்டே பாடம் நடத்துவதால் இருக்கும்.

கூட்டத்துக்கு உட்காரப் போகிறவர் உட்கார்ந்துவிட்டு மட்டும் வாருங்கள். கேஸ் கீஸ் என்று ஆனால் சர்க்கார் வேலை கனவிலும் கிடையாது.

இந்த வாரப் பாடம்: 'வில் பி' போட்டுப் பின்னால் 'இங்' சேர்த்தால், அந்த நேரத்தில் அது நடந்துகொண்டிருக்கும் என்று அர்த்தம். அடுத்த வருஷம் இதே நாளில் நாம் என்ன செய்துகொண்டிருப்போம் என்று ஐந்து வாக்கியம் எழுதுங்கள்.

திருத்தக் காத்திருக்கும்,
எழில்மதி


கச்சிராயபாளையம்,
23-8-87

அன்பு எழிலுக்கு,

நலம். நீ நலமா? கால் வீக்கத்துக்கு அம்மா பார்லி கஞ்சி குடிக்கச் சொல்கிறது. குடி.

இந்தத் தடவை வாக்கியம் எழுத மனசு வரவில்லை. கோபித்துக்கொள்ளாதே. கள்ளக்குறிச்சியில் ஒரு கிளார்க் வேலை நேர்காணலுக்குப் போய் வந்தேன். பிளஸ் டூ போதும் என்ற வேலைதான். என்னோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த நம்மாட்கள் எல்லோரும் மண் ஒட்டின காலோடு வந்தவர்கள். உள்ளே இருந்த ஐயா என் சர்டிபிகேட்டைப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, கரும்பு இருக்குதுல்ல? அத்த பாத்துக்கினு இருக்கலாமே" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது எழில். தாத்தா அதைத்தான் பார்த்தார், அப்பா அதைத்தான் பார்த்தார். படித்தவனும் அதைத்தான் பார்க்க வேண்டுமாம்.

சங்கத்தோடு சேர்ந்து நம் ஜனத்துக்குப் படிப்பிலும் வேலையிலும் தனி ஒதுக்கீடு கேட்பது எனக்காக இல்லை. நான் இந்த அரியரோடு எப்படியோ ஓட்டிவிடுவேன். பிறக்கப்போகிற பிள்ளையை எவனும் கரும்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லக் கூடாது. அவ்வளவுதான். செப்டம்பர் 17இலிருந்து ஒரு வாரம் சாலை மறியல் என்று முடிவாகிவிட்டது. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஓர் ஆள். நான் போகாமல் இருக்க முடியாது. கொடி பிடித்துக்கொண்டு நிற்பதோடு சரி.

பார்லி கஞ்சியை மறக்காதே.

உன்,
தீனதயாளன்


கரியாலூர்,
15-9-87

அன்புள்ள மாமாவுக்கு,

அங்கு அனைவரும் நலமா? நான் நலம் என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை. பயப்படாதீர்கள். தலைவலி விட்டுவிட்டு வருகிறது. முகமெல்லாம் வீங்கிவிட்டது. இங்கே இருக்கிற நர்ஸ் அமிர்தம் அக்கா பிரஷர் பார்த்துவிட்டு என்னைத் திட்டித் தீர்த்துவிட்டது. "லீவு கணக்கு பாக்குற நேரமா இது? கீழ எறங்கி ஆஸ்பத்திரில படு மொதல்ல" என்றது. என் நிஜமான மாதக் கணக்கையும் அதனிடம் சொல்லிவிட்டேன்.

பஸ்ஸில் குலுங்கக் கூடாதாம். வியாழக்கிழமை, 17ஆம் தேதி காலை, மருந்து வாங்க ஹெல்த் சென்டர் ஜீப் கள்ளக்குறிச்சிக்குப் போகிறது. டிரைவர் சடையன் நல்லவர், இந்த மலைக்காரர். அதில் வருகிறேன். நாளை ஒரு நாள் இருந்து எட்டாம் வகுப்பு வினாத்தாளை முடித்துக் கொடுத்துவிட்டால் மனசு நிம்மதியாக இருக்கும். நீங்கள் எழுதிய மறியலை ரேடியோவிலும் சொன்னார்கள். அது பெரிய ரோட்டில்தானே? மலை ரோட்டுக்கு யார் வரப்போகிறார்கள் என்று சடையனும் சொல்கிறார்.

ஒன்பது மணிக்குள் அணைப்பக்கம் வந்துவிடுவோம். நீங்கள் அங்கே ரோட்டோரம் நில்லுங்கள். உங்களையும் ஏற்றிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். கொஞ்சம் பயமாக இருக்கிறது மாமா. நீங்கள் பக்கத்தில் இருந்தால் சரியாகிவிடும்.

வந்துகொண்டிருக்கும்,
எழில்மதி


கச்சிராயபாளையம்,
16-9-87

அன்பு எழிலுக்கு,

நலம். உன் நலமறிய ஆவல். கால் வீக்கம் குறைந்ததா?

அவசரமாக எழுதுகிறேன். இன்று போகிற தபாலில் போட்டால்தான் உண்டு. நாளை முதல் ஒரு வாரம் பஸ்ஸும் ஓடாது, தபாலும் வராது. பெரிய ரோட்டை மற்ற ஊர்க்காரர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். மலை ரோடு நம்மூர்ப் பொறுப்பு. தெருவுக்கு ஒரு மரம். அணைக்குக் கீழே வாய்க்கால் திருப்பத்துப் புளியமரம் என் கணக்கில் வந்திருக்கிறது. இன்று சாயந்திரம் அறுக்கிறோம். ரோட்டுக்கு ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் பாறை. மற்ற மரங்களை வயலில் இறங்கிச் சுற்றிவிடலாம், இது விழுந்தால் சைக்கிள்கூடத் தாண்டாது. இடத்தைக் காட்டியதே நான்தான். நாராயணசாமி மகனுக்குப் படித்தவன் மூளை என்று சங்கத் தலைவர் முதுகில் தட்டினார். கொடி பிடிப்பதோடு சரி என்று உனக்கு எழுதியிருந்தேன். பொய்யாகிவிட்டது, மன்னித்துக்கொள்.

நீ 26ஆம் தேதிதான் வருகிறாய். அதற்குள் எல்லாம் திறந்துவிடும். அதை யோசித்துத்தான் ஒப்புக்கொண்டேன். நீ வருகிறபோது ரோடு சுத்தமாக இருக்கும், அணைப்பக்கம் நானே வந்து நிற்பேன்.

உன்,
தீனதயாளன்


கடலூர் சிறை,
5-10-87

அன்பு எழிலுக்கு,

நான் நலம். நீ எங்கே இருக்கிறாய்? மணலூர்பேட்டையில்தானே? கரியாலூர் முகவரிக்கே எழுதுகிறேன், அங்கிருந்து திருப்பி அனுப்புவார்கள். கையெழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்துப் பதறாதே. வலது கையில் சின்ன அடி. 17ஆம் தேதி விடிகிற நேரத்தில் மரத்துக்குப் பக்கத்திலேயே வைத்து எங்களைப் பிடித்து லாரியில் ஏற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஊரில் என்ன நடந்தது என்று எனக்கு ஒன்றும் தெரியாது. அப்பா ஒரு தடவை வந்தார். உன்னைப் பற்றிக் கேட்டேன். "நல்லாக்கீது, நீ ஒன்னும் நெனச்சிக்கினு இருக்காத" என்று சொல்லிவிட்டு உடனே எழுந்து போய்விட்டார்.

நவம்பர் பரீட்சை போயிற்று என்றுதான் நினைக்கிறேன். திட்டாதே. நீ கொடுத்த ஐந்து வாக்கியங்களை இங்கே உட்கார்ந்து யோசித்தேன். அடுத்த வருஷம் இதே நாளில் ஐ வில் பி கேரியிங் அவர் சைல்ட். ஷி வில் பி புல்லிங் மை மீசை. மீசைக்கு இங்கிலீஷ் தெரியவில்லை. யூ வில் பி ஸ்கோல்டிங் மீ. அம்மா வில் பி ஸ்கோல்டிங் யூ. வி வில் பி லாஃபிங். எத்தனை மார்க்?

வளைகாப்பு நடந்ததா? யார் யார் வந்தார்கள்? ஒரு வரி எழுது.

உன்,
தீனதயாளன்


கடலூர் சிறை,
20-10-87

அன்பு எழிலுக்கு,

நலம். நலமா, நலமா என்று எத்தனை தடவை கேட்பது? பதிலே இல்லை. இந்நேரம் பிள்ளை பிறந்திருக்க வேண்டும். தபால்காரர் வருகிற நேரத்தில் எல்லோரும் கம்பியண்டை போய் நிற்கிறோம். மற்றவர்களுக்கு வருகிறது.

என் மேல் கோபம் என்றால் கோபத்தை எழுது. பையன் என்றாலும் எழுது. அம்மா சொன்னதே ஜெயிக்கட்டும், எனக்கு வருத்தமில்லை.

தீனதயாளன்


மணலூர்பேட்டை,
2-11-87

அன்புள்ள மாமாவுக்கு,

சிறையிலிருந்து நீங்கள் எழுதிய கடிதங்கள் கரியாலூர் போய் இங்கே வந்து சேர்ந்தன. நீங்கள் நலமாக இருக்க வேண்டும். உள்ளே இருக்கிற என் பையனுக்கு இப்போது சொல்லாதே என்று பெரிய மாமா கேட்டுக்கொண்டார். அதனால்தான் எழுதவில்லை. இனிமேல் மறைக்க முடியாது.

குழந்தை பெண்தான். இல்லை மாமா. செப்டம்பர் 17 அன்றே போய்விட்டாள்.

அன்று காலை ஜீப்பில் வந்தேன். எழுதியிருந்தேன், அந்தக் கடிதம் மறியல் முடிந்த பிறகுதான் உங்கள் வீட்டுக்கு வந்ததாம். ரோட்டில் மரங்கள் கிடந்தன. சடையன் வயலில் இறக்கியும் மேட்டில் ஏற்றியும் ஒவ்வொன்றாகச் சுற்றி வந்தார். ஒரு மரத்தை மட்டும் எந்தப் பக்கமும் சுற்ற முடியவில்லை. மேலே திரும்பவும் முடியாது, அதற்குள் வலி எடுத்துவிட்டது. ஜீப் குலுங்கியதாலா, பிரஷராலா, தெரியாது. கரும்பில் காய்ந்த சோகை உரித்துக்கொண்டிருந்த பொம்பளைகள் ஓடி வந்து என்னைப் பக்கத்து மோட்டார் கொட்டகைக்குத் தூக்கிப் போனார்கள். அவர்களில் ஒருத்திதான் பிரசவம் பார்த்தாள். குழந்தை அழுதாள். சத்தம் கம்மிதான், ஆனால் அழுதாள். பொழுது சாய்கிற வரை மூச்சு இருந்தது. ஆஸ்பத்திரி அங்கிருந்து ஒரு மணி நேரம்கூட இல்லை. மரம் மட்டும் இல்லையென்றால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் பின்னால் சொன்னார். கேட்காமலே சொன்னார்.

பிறகு எனக்கு வலிப்பு வந்துவிட்டது. கயிற்றுக் கட்டிலில் வைத்து ஆள் மாற்றி ஆள் தூக்கி, மறுநாள் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களாம். எனக்கு நினைவில்லை. கண் விழித்தபோது பால் கட்டிக்கொண்டு உயிர் போயிற்று. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது.

எனக்கு இதற்கு மேல் எழுத முடியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கைக்கு மருந்து போடுங்கள்.

எழில்மதி


கச்சிராயபாளையம்,
6-12-87

அன்பு எழிலுக்கு,

பத்து நாளாக வெளியே இருக்கிறேன். தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஜாமீன். இல்லாவிட்டால் ஓடி வந்திருப்பேன். நீ திரும்பவும் வேலைக்குப் போய்விட்டதாக அம்மா சொன்னது. இந்த உடம்போடு ஏன் போனாய்?

உன் கடிதத்தை உள்ளே வைத்துப் படித்தேன். அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் வார்டர் ஓடி வந்துவிட்டார். என் மகளை நான் பார்க்கவே இல்லையே எழில். யார் ஜாடை? முடி இருந்ததா? கண்ணைத் திறந்து பார்த்தாளா? பிரசவம் பார்த்தவள் யார், அவளுக்கு நாம் ஏதாவது செய்ய வேண்டாமா? சடையன் அப்போதே ஓடி யாரையாவது கூட்டி வந்திருக்கக் கூடாதா? டாக்டர் யார்? உனக்கு வலிப்பு வந்தபோது யார் பிடித்துக்கொண்டார்கள்? இதையேதான் நாளெல்லாம் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்காதே. அந்த லீவு கணக்குப் பார்க்காமல் ஒரு மாதம் முன்பே இறங்கியிருந்தால் இந்தக் கதி வந்திருக்காது. ஒரு நாள் முன்னால், அந்தப் புதன்கிழமையே வந்திருந்தால்கூடப் போதும். ஹெட்மாஸ்டருக்கு ஒரு தேதி, எனக்கு ஒரு தேதி என்று ஏன் இந்த வேலை? போகட்டும். விதி.

அணையடிக் கழனியில் கரும்பு வெட்டு தொடங்கிவிட்டது. வீட்டில் உட்கார முடியாமல் வண்டியோடு நானே போகிறேன், நானே வருகிறேன். ஏப்ரலில் அரியரை எழுதிவிடுவேன், இது சத்தியம். நீ பொங்கலுக்கு வந்துவிடு. இன்னொரு பிள்ளை பிறக்காமலா போய்விடும்?

உன்,
தீனதயாளன்


கரியாலூர்,
3-1-88

மாமாவுக்கு,

இருக்கிறேன். அங்கே அத்தையும் பெரிய மாமாவும் சுகமா என்று கேட்டதாகச் சொல்லுங்கள்.

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஜாடை. நெற்றியிலிருந்தே முடி இருந்தது. ஒரு தடவை கண்ணைத் திறந்தாள். பிரசவம் பார்த்தவள் பெயர் சாலம்மாள், கூலிக்காரி. எனக்கு வலிப்பு வந்தபோது பல்லுக்கு நடுவில் தன் முந்தானையைத் திணித்துப் பிடித்துக்கொண்டவளும் அவள்தான். சடையன் ஓடத்தான் ஓடினார், எந்த வண்டியும் கிடைக்கவில்லை. லீவு கணக்குப் பார்த்தது என் தப்பு. அதை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. படுத்தால் எழுந்தால் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

வேலைக்கு ஏன் போனேன் என்றால், மணலூர்பேட்டையில் எல்லோரும் என் வயிற்றைப் பார்த்துவிட்டுப் பேசினார்கள். இங்கே பிள்ளைகள் அப்படிப் பார்ப்பதில்லை. போன வாரம் எட்டாம் வகுப்புக்கு 'வாஸ் கோயிங் டு' நடத்தினேன். செய்ய இருந்து நடக்காமல் போனதற்கு அப்படித்தான் சொல்ல வேண்டும். ஒரு பெண் எழுந்து, ஏன் நடக்கவில்லை என்று எழுத வேண்டாமா டீச்சர் என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

உங்கள் செப்டம்பர் 16ஆம் தேதிக் கடிதத்தை இங்கே திரும்பி வந்துதான் படித்தேன். பள்ளிக்கூடத்தில் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார்கள். ஆனால் அதில் இருந்தது எனக்கு முன்பே தெரியும். கொட்டகையில் வலி விட்டிருந்த நேரத்தில் சாலம்மாள் என் காலைத் தேய்த்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தாள். "நேத்து பொழுது சாய அறுத்தாங்கம்மா. கச்சிராபாளையத்து நாராயணசாமி மவன்தான் முன்ன நின்னு அறுக்க வெச்சாரு. இங்க போட்டாத்தான் ஒரு வண்டியும் போவாதுன்னாரு. படிச்சவரு. வெடிகாலைல போலீஸ்காரன் வந்து ஆளுங்கள ஏத்திக்கினு போய்ட்டான், மரத்த எடுக்க ஒருத்தனும் வரல" என்றாள். பிறகு, "உன் வூட்டுக்காரரு இன்னாம்மா பண்றாரு?" என்று கேட்டாள். பரீட்சைக்குப் படிக்கிறார் என்று சொன்னேன்.

அப்பா கேட்டார், எந்த இடத்தில் என்று. அம்மா கேட்டது. உங்கள் அம்மா கேட்டது. ஹெட்மாஸ்டர் கேட்டார். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்த, பெயர் தெரியாத பெண்கூட எந்த மரம், எந்த ஊர்க்காரன் வெட்டினது என்று கேட்டாள். மலை ரோட்டில் என்று மட்டும் சொல்லி வைத்தேன். சடையனிடமும், யாருக்கும் சொல்லாதீர்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன். இத்தனை கேள்வி கேட்ட நீங்கள் மட்டும் எந்த இடம் என்று கேட்கவே இல்லை. உங்கள் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்துத் தேடினேன். கேட்டிருந்தால், உங்களோடு சேர்ந்து அழுதிருப்பேன் மாமா. நீங்கள் வேண்டுமென்றா செய்தீர்கள்? அவளுக்காகத்தான் செய்தீர்கள். அது எனக்குத் தெரியாதா? கேட்காமல் விட்டுவிட்டு, என் லீவு கணக்கை எடுத்து என்னிடமே நீட்டினீர்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

பொங்கலுக்கு வரவில்லை. அதற்குப் பிறகும் வருவதாக இல்லை. நீங்கள் இங்கே வர வேண்டாம்.

குழந்தையை எங்கே வைத்தார்கள் என்றும் நீங்கள் கேட்கவில்லை. தூக்கிக்கொண்டு வேறெங்கும் போக முடியாமல், புளியமரத்தின் அடிக்கட்டைக்கும் ரோட்டுக்கும் நடுவிலேயே சாலம்மாள் குழி தோண்டினாள். மேலே அடையாளம் ஒன்றும் இல்லை. நீங்கள் தினமும் கரும்பு ஏற்றிக்கொண்டு அந்த வழியாகத்தான் போகிறீர்கள். அங்கே வரும்போது வண்டியை ஓரமாக ஒதுக்காதீர்கள், நடு ரோட்டிலேயே ஓட்டுங்கள்.

எழில்மதி